ஏகாம்பரம் வீட்டு ஜெர்மன் பெல்ட்

செருப்பை வெளிய விடுங்க. அந்த பெல்ட்டையும்.

என்ன முழிக்கிறீங்க? இடுப்புல கட்டிட்டு வந்திருக்கீங்களே, அதைத்தான் சொல்றேன். கேட்டைத் திறக்கும்போதே பாத்துட்டேன். பக்கிள்ல இருக்கற கழுகுக்குக் கோழி மூஞ்சி, டூப்ளிகேட்டு. இது எங்க பண்ணதுன்னு சொல்லட்டுமா? இங்க ராணிப்பேட்டையில பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல போயிடலாம், ஆம்பூர். வெளிநாட்டுல பழைய சண்டையை வேஷம் கட்டி நடிச்சு விளையாடறவன் இருக்கான் பாருங்க, அவனுக்காக மூட்டை மூட்டையா பண்ணி அனுப்பறது. அது கப்பல்ல போயி, எவனோ ஒருத்தன் சேத்துல புரட்டிப் பழசாக்கி, அதை நீங்க ஜெர்மனியிலேர்ந்து வரவழைச்சு, கோயம்புத்தூர்ல கட்டிப் பாத்து, திரும்ப இங்கேயே கொண்டு வந்திருக்கீங்க. பெல்ட்டுக்கு ஊர் சுத்திப் பாக்கற யோகம்.

உக்காருங்க தம்பி. நவநீதன்தானே பேரு? ஃபோன்லயே சொன்னேன், இன்னிக்கு வேணாம், அமாவாசை, நாளைக்கு வாங்கன்னு. நீங்க வந்து நிக்கறீங்க. சரி. எனக்குப் பகல் பன்னெண்டு மணிக்குள்ள ஒரு வேலை இருக்கு. அதுக்குள்ள பாத்துட்டுக் கிளம்பணும்.

ஆமா, வாழை இலைதான். ஃப்ரிட்ஜ் மேல இலை இருந்தா என்ன, விருந்தா? யாரும் வரல. இந்த வீட்டுக்கு யாரும் வர்றதில்ல. நீங்க பெல்ட்டைப் பாருங்க.

இந்தச் சுவர் முழுக்கப் பெல்ட். அந்தக் கண்ணாடி அலமாரியில தனி பக்கிள். கீழ் ரெண்டு தட்டுல தோட்டாப் பை. தொடாதீங்க! கை வியர்வைல உப்பு இருக்கு, தோலுக்கு ஆகாது. முப்பது வருஷம் தோல் பதனிடற ஷாப்ல ஃபினிஷிங் மேனேஜரா இருந்தவன் சொல்றேன். இதுல எனக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது. எனக்குத் தெரிஞ்சதுல உங்க பட்டாளச் சாமான் கலெக்டர் வாட்ஸப் குரூப்ல இருக்கற ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. அந்த மதுரை பல் டாக்டர், தலைவர்னு சொல்லிக்கறாரே, அவரு இரும்பு பக்கிளுக்குப் பாலிஷ் போட்டு பளபளன்னு ஃபோட்டோ போட்டாரு. அதுக்கு நீங்க எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு அம்பது பொம்மை அனுப்பினீங்க. எண்பது வருஷம் அது மேல தானா உக்காந்த நிறத்தை ஒரே ஞாயித்துக்கிழமைல துடைச்சுப் போட்டுட்டாரு. பல் தேய்க்கறவருக்கு எதைப் பாத்தாலும் தேய்க்கத்தான் தோணும்.

பக்கத்து வீட்டுக்காரன் என்னை ஹிட்லர் மாமான்னு சொல்றான். அவனுக்குத் தெரிஞ்ச ஜெர்மனி அவ்வளவுதான். அந்த ஆளு லட்சம் லட்சமா ஜனங்களைக் கொன்ன ராட்சசன்னு எனக்கும் தெரியும். நான் சேக்கறது அவனை இல்ல, தோலை, தையலை. என் வீட்டுக்காரிக்கும் அது புரியல. இது வீடா பட்டாளமான்னு கேட்டுட்டு புனேவுல பொண்ணு வீட்டுக்குப் போனா. ஓய்வு எடுக்கத்தான் போயிருக்கா. மூணாவது வருஷம் ஓய்வு எடுத்துட்டிருக்கா.

இங்க பாருங்க. வெளிப்பக்கத்துல ஒரு ஓட்டை தெரியுதா? தெரியாது. நம்ம ஊர் பெல்ட்னா வெளியவே வரிசையா ஓட்டை. ஜெர்மன்காரன் உள்பக்கம் தோல்ல ஒரு நாக்கு தைச்சு அதுல ஓட்டை வெச்சிருப்பான். பக்கிளுக்குப் பின்னாடி ரெண்டு முள்ளு. அதனால ஓட்டை ஜோடி ஜோடியா இருக்கும். இடுப்பு பெருத்தாலும் சிறுத்தாலும் உள்ளுக்குள்ளயே மாத்திக்கலாம். வெளிய இருந்து பாக்கறவனுக்குக் கறுப்புத் தோலு, நடுவுல பக்கிள், அவ்வளவுதான். என்ன சுத்தம் பாருங்க!

எது? அந்தக் கடைசி ஆணியில தொங்கறதா?

ஓ, அதுக்காகத்தான் வந்தீங்களா? எனக்குத் தெரியும். எல்லாத்தையும் விக்கறேன்னு குரூப்ல எழுதினதும் முப்பது பேர் கேட்டானுங்க, முப்பது பேரும் அதைத்தான் கேட்டானுங்க. பெல்ட்டு, பக்கிளு, ரெண்டு பக்கமும் மூணு மூணு அறை வெச்ச தோட்டாப் பை, எல்லாம் ஒரே ஆளு கட்டினது, ஒண்ணு கூட மாறாதது. இத்தாலியில சண்டை நடந்த இடத்துலேர்ந்து நம்ம ஊர் சிப்பாய் நேரா கொண்டு வந்தது. அந்த மாதிரி ஒரு செட்டு இந்தியாவுல வேற எவன்கிட்டயும் நான் பாத்ததில்ல.

அது எப்படி வந்ததுன்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இந்த மாதிரி நன்றி கெட்ட ஜனங்களை எங்கயாவது பாத்திருக்கீங்களான்னு.

நான் வேலை பாத்த ஷாப்ல கேட் செக்யூரிட்டி ஏகாம்பரம். மாஜி ஹவில்தார். என் காரைப் பாத்தா போதும், சல்யூட். நான் வண்டியில இல்லாம டிரைவர் மட்டும் வந்தாலும் சல்யூட். அந்த ஆளு ஒரு நாள் கார் கண்ணாடியைத் தட்டி, "சார், நீங்க ஜெர்மன் பெல்ட்டெல்லாம் வெச்சிருக்கீங்களாமே. எங்க வீட்லயும் ஒண்ணு கீது சார், எங்க தாத்தா கொண்டாந்தது"ன்னாரு. நான் சிரிச்சேன். ஊர்ல பாதிப் பேர் வீட்ல எதையாவது காட்டி ஜெர்மன்னுவான். சைக்கிள் டைனமோவைக் காட்டி ஜெர்மன்னுவான். ஆனாலும் போனேன்.

வேலூர்லேர்ந்து ஆரணி போற ரோட்டுல அவங்க ஊரு. வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துல இருப்பான். வீடு சின்னது, மாடியில பாதி கட்டி நிறுத்தினது. நேரா சாமி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பொன்னுரங்கம்னு அவங்க தாத்தா, மெட்ராஸ் சேப்பர்ஸ்ல, அதான் பாலம் கட்டி கண்ணி வெடி எடுக்கற பட்டாளத்துல, நாயக் ரேங்க்ல இருந்தவரு. அவரு ஃபோட்டோ. அதுக்குக் கீழ ஒரு பலகை. பலகை மேல தம்பி, பலகை மேல இது.

நிஜ ஜெர்மன் பெல்ட். ஆனா எப்படி வெச்சிருந்தாங்க தெரியுமா? பக்கிள்ல கழுகு. அவங்களுக்கு அது கருடன். கருடனுக்குச் சந்தனம். கழுகு கால்ல பிடிச்சிருக்கற சின்னத்துக்கு நடுவுல குங்குமம், நம்ம ஸ்வஸ்திக்னு நினைச்சு. தோட்டாப் பை அறையைத் திறந்து பாக்கறேன், ஒண்ணுல விபூதி, ஒண்ணுல கற்பூரம், ஒண்ணுல செத்தவங்க நெத்தியில வெக்கற நாலணா. தோட்டா வெக்கற இடத்துல கற்பூரம்! அது காத்துல கரைஞ்சு கரைஞ்சு உள்தோலு வெள்ளை பூத்துப் போச்சு. பக்கிள்ல ஜெர்மன்ல என்ன எழுதியிருக்குன்னு ஏகாம்பரம் கேட்டாரு. "கடவுள் நம்மோடு"ன்னு சொன்னேன். மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா சார், எங்க தாத்தா சரியான எடத்துலதான் வெச்சிருக்காரு"ன்னாரு. இந்த மாதிரி ஆளுக்கு நான் எதைச் சொல்றது?

அதைவிடக் கொடுமை ஓட்டை. உள்நாக்கு எப்பவோ பிஞ்சு போயிருக்கு. அதனால பெல்ட்டுலயே, நேரா மெயின் தோல்லயே, ஓட்டை போட்டு வெச்சிருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆறேழு ஜோடி. அதுவும் ஒழுங்கா பஞ்ச்ல போட்டதா? இல்ல. அடுப்புல ஆணியைக் காய்ச்சி, இடுக்கியால பிடிச்சு, சுட்ட ஓட்டை. சுத்திலும் தோலு கருகி உதடு மாதிரி வெளிய பிதுங்கி நிக்குது. நான் தலையில கை வெச்சுட்டேன்.

குணசுந்தரின்னு ஒரு பொம்பளை, ஏகாம்பரத்தோட தம்பி பொண்டாட்டி, காபி கொண்டு வந்தது. தம்பிக்காரன் மணவாளன் கார்கில் சண்டையில போயிட்டான். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள்ள. அதுதான் அந்த ஓட்டையைப் பத்திச் சொல்லிட்டே இருந்தது. அந்த வீட்ல யாரு பட்டாளத்துக்குக் கிளம்பினாலும் அன்னிக்குக் காலைல இந்த பெல்ட்டை இடுப்புல கட்டுவாங்களாம். ஜெர்மன்காரன் இடுப்புக்கும் நம்ம பையன் இடுப்புக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது இல்லையா, அதனால அவன் அளவுக்கு வீட்டுப் பொம்பளை ஒருத்தி குங்குமத்துல அடையாளம் வெச்சு, ஆணியைக் காய்ச்சி ஓட்டை போடணும். அம்மா இருந்தா அம்மா, பொண்டாட்டி இருந்தா பொண்டாட்டி. ஒரு தடவை கட்டிப் பாத்துட்டு, கழட்டி வெச்சுட்டுப் போவான். லீவுல வந்ததும் முதல் வேலையா அதே ஓட்டையில கட்டணும். தொப்பை போட்டு வந்தா கட்ட முடியாது, எல்லாரும் சிரிப்பாங்களாம். அது விரலை வெச்சு வெச்சு, இது மாமனாரோடது, இது எங்க மாமாவோடது, இது அவரோடதுன்னு சொல்லிட்டே போச்சு.

நான் எங்க கேட்டேன்? பக்கிளோட தொங்கற தோல் பட்டையில செஞ்சவன் முத்திரை தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டிருந்தேன். தெரிஞ்சுது. வருஷமும் தெரிஞ்சுது.

இன்னொண்ணு கேளுங்க, இதுதான் உச்சம். இந்த பெல்ட்டுக்காரனை, அந்த ஜெர்மன் சிப்பாயை, பொன்னுரங்கம் கொல்லல. கண்ணி வெடி எடுக்கப் போன இடத்துல ஒரு ஆத்தங்கரையில செத்துக் கிடந்தான். இவரு குழி தோண்டிப் புதைச்சாரு. புதைக்கறதுக்கு முன்னாடி பெல்ட்டைக் கழட்டிக்கிட்டாரு. எல்லா சிப்பாயும் பண்றதுதான். ஆனா அந்த மனுஷன் ஊருக்கு வந்து, வீட்ல சொல்லி வெச்சிருக்காரு, நான் அவன்கிட்ட கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன், அமாவாசை படையல்ல அவனுக்கும் ஒரு இலை போடுங்கன்னு. போடறாங்க தம்பி! எண்பது வருஷமா! பேர் தெரியாத ஒரு ஜெர்மன்காரனுக்கு வடை, பாயசம், அப்பளம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "அவன் பன்னிக்கறி சாப்பிடறவம்மா, அவனுக்கு எதுக்கு அவியல்"னு கேட்டேன். அந்தப் பொம்பளை சிரிக்கல. "பசிக்கு என்ன சார் அவியலும் பன்னியும்"னுச்சு.

சரி. ஏகாம்பரம் எதுக்கு என்னைக் கூப்பிட்டாருன்னா, அவரு பொண்ணு சங்கவி. அம்மா இல்லாத பொண்ணு, சித்தி குணசுந்தரிதான் வளர்த்தது. மிலிட்டரி போலீஸ்ல பொண்ணுங்களை எடுக்கறாங்க இல்ல, அதுல தேர்வாகியிருந்தா. அடுத்த மாசம் பெங்களூர்ல ட்ரெயினிங். அந்த வீட்லேர்ந்து போற முதல் பொண்ணு. அவளுக்கு இந்த பெல்ட்டைக் கட்டணும். தோலு காய்ஞ்சு வெடிச்சுக் கிடக்குது, தையல் விட்டுப் போச்சு, கட்டும்போது அறுந்துதுன்னா அபசகுனம். "பிஞ்சிடாம கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க சார், உங்களை விட்டா யாருக்குத் தெரியும்"னாரு.

அந்த ஒரு வார்த்தை மட்டும் அவரு சரியா சொன்னாரு.

எடுத்துட்டு வந்தேன். வேற யாராவதா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? உங்க பல் டாக்டரா இருந்தா? ஆம்பூர் பெல்ட் ஒண்ணை வாங்கி, நாலு ஓட்டை சுட்டு, சந்தனத்தைத் தடவித் திருப்பிக் குடுத்துட்டு இதை அமுக்கியிருப்பான். நான் அந்த மாதிரி ஆள் இல்ல. உழைச்சேன். பொண்ணு கிளம்பற வரைக்கும் வேற எதையும் தொடல. சந்தனத்தை மூங்கில் குச்சியால துளித் துளியா எடுத்தேன். கற்பூர வெள்ளையைத் துடைச்சேன். தோலுக்குக் கொஞ்சம் கொஞ்சமா கொழுப்பு ஏத்தினேன், ஒரே நாள்ல ஊத்தினா வீங்கிடும். பழைய தையல் ஓட்டையிலேயே புதுத் தையல் விட்டேன், ஒரு இடத்துல கூட ஊசி மாறல. பிஞ்ச உள்நாக்கை மறுபடி தைச்சேன்.

அதுக்கப்புறம் அந்த ஓட்டைகள்.

இந்தப் பக்கம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. தொடலாம், பரவாயில்ல, விரலை வெச்சுத் தடவிப் பாருங்க. தெரியுதா? தெரியாது. என்கிட்ட உளுத்துப் போன இன்னொரு ஜெர்மன் பெல்ட் இருந்தது, அதே காலம், அதே கனம். அதுலேர்ந்து வட்ட வட்டமா வெட்டி, ஓரத்தைச் சீவி, கருகின உதட்டையெல்லாம் தேய்ச்சு எடுத்துட்டு, ஒட்டி, அழுத்தி, நிறம் குடுத்து, மெழுகு ஏத்தினேன். ஜெர்மனியில இருக்கறவன் வந்து பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. என் ஆயுசுல நான் பண்ண வேலையிலேயே இதுதான் நம்பர் ஒண்ணு. அவங்க வீட்ல மூணு தலைமுறை பண்ண அநியாயத்தை நான் ஒரு மாசத்துல இல்லாம பண்ணிட்டேன்.

பொய் சொல்லல, எனக்கு ஒரு நெனப்பு இருந்தது. பொண்ணு கிளம்பிப் போனதும், ஏகாம்பரம், இதை இப்படி வெச்சுக்க உங்களுக்கு வசதி இல்ல, என்கிட்ட இருந்தா நூறு வருஷம் இருக்கும்னு பக்குவமா கேக்கலாம்னு. சந்தோஷத்துல குடுத்துடுவாருன்னு நினைச்சேன்.

கிளம்பற அன்னிக்குக் காலைல நானே கொண்டு போனேன். வெல்வெட் துணியில சுத்தி. வீடு நிறைய ஜனம். பொண்ணு தலைக்குக் குளிச்சு, புது சுடிதார் போட்டு, ஃபோட்டோ முன்னாடி ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்குது, கட்டறதுக்காக. அடுப்புல ஆணி காயுது. நான் துணியைப் பிரிச்சேன்.

கை தட்டுவாங்கன்னு நினைச்சேன் தம்பி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நினைச்சேன்.

ஏகாம்பரம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "சார், இது எங்களுதுதானா?"ன்னாரு. "பாருங்க, முத்திரை பாருங்க, உங்களுதேதான்"னேன். குணசுந்தரி கையை நீட்டி வாங்குச்சு. அது கண்ணால பாக்கவே இல்ல. விரலைத்தான் ஓட்டுச்சு. ஒரு முனையிலேர்ந்து மறுமுனை வரைக்கும், மெதுவா. மறுபடி திரும்ப. மறுபடி. ஏதோ காணாமப் போனதைத் தேடற மாதிரி. அப்புறம் ஒரு இடத்துல விரல் நின்னுச்சு. அங்க இருக்குமோ, இல்ல இன்னும் கொஞ்சம் தள்ளியோன்னு அதுக்கே தெரியல. என்னைப் பாத்து, "அவரோட ரெண்டு கண்ணையும் மூடிட்டீங்களே சார்"னுச்சு.

பெல்ட்டுக்குக் கண்ணாம்! இந்த ஜனங்ககிட்ட என்ன பேசறது?

நான் பொறுமையா சொன்னேன். ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன், எந்த வேலைக்கு முன்னாடியும் ஃபோட்டோ எடுப்பேன், உங்களுக்கு அந்த அசிங்கம்தான் வேணும்னா பத்து நிமிஷத்துல அதே இடத்துல குத்திக் குடுத்துடறேன்னு. ஏகாம்பரம் வேணாம்னு தலையை ஆட்டினாரு. "நீங்க குத்தற ஓட்டை எங்களுக்கு ஆகாது சார். ஒவ்வொண்ணும் ஒருத்தர் கையால போட்டது. எங்கம்மா போட்டது இனிமே யாரு வந்து போடறது"ன்னாரு. ஆள் அழுதாரு. ஹவில்தார்! இருபது வருஷம் பட்டாளத்துல இருந்த ஆளு, ஒரு தோல் வாருக்கு அழறாரு.

"சங்கவிக்காவது போடுங்க, அடுப்புல ஆணி இருக்கே"ன்னேன். நான் எவ்வளவு விட்டுக்குடுத்தேன் பாருங்க. என் ஒரு மாச உழைப்புல மறுபடி ஓட்டை போடச் சொல்றேன்! குணசுந்தரி இடுக்கியைக் கையில எடுத்துச்சு. எடுத்துட்டு, கீழ வெச்சுடுச்சு. "தனியா இவ ஒருத்தியை மட்டும் எப்படி அனுப்பறது"ன்னுச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு இடுப்பை ரெண்டு கையாலயும் சுத்திப் பிடிச்சுது. கொஞ்ச நேரம் பிடிச்சிருந்துட்டு விட்டுடுச்சு. பொண்ணு பையைத் தூக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிடுச்சு. அவ்வளவுதான் வழியனுப்பல். எனக்கு ஒரு வாய் காபி கிடையாது.

இதுல என் தப்பு என்னன்னு நீங்க சொல்லுங்க. எவ்வளவு யோசிச்சும் எனக்குத் தெரியல.

நாலு நாள் கழிச்சு ரெண்டு பேரும் இங்க வந்தாங்க. இதே ரூம்ல, நீங்க உக்காந்திருக்கற இடத்துல ஏகாம்பரம். உக்காரல, நின்னாரு. அதே வெல்வெட் துணி. "நீங்களே வெச்சுக்கங்க சார். இனிமே இது எங்களுது இல்ல"ன்னு மேஜை மேல வெச்சாரு. எனக்கு உள்ளுக்குள்ள பாயசம் குடிச்ச மாதிரி. ஆனா வெளிய காட்டிக்காம, "யோசிச்சுத்தான் சொல்றீங்களா"ன்னேன். "அமாவாசைக்கு மட்டும் அந்த ஆளுக்கு ஒரு இலை போட்டுடுங்க. பெல்ட் எங்க இருக்கோ அங்கதான் இலை போடணும்"னாரு. சரி சரின்னு தலையாட்டினேன். நமக்கு என்ன, சொல்லிட்டுப் போகட்டும்.

அந்தப் பொம்பளை இந்தச் சுவரைப் பாத்துட்டே நின்னுச்சு. இங்கேயிருந்து அங்க வரைக்கும், ஒவ்வொண்ணா. நான்கூட நினைச்சேன், பரவாயில்லையே, கொஞ்சம் ரசனை இருக்குன்னு. எதுல செஞ்சது, எத்தனை வருஷப் பழசுன்னு கேக்கும்னு பாத்தேன். அது கேக்கறது, "இவங்கள்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போனாங்களா சார்?"

எவங்கள்லாம்? அது பெல்ட்டைக் காட்டுச்சு.

"எனக்கு எப்படிம்மா தெரியும்"னேன். "அப்ப எல்லாருக்கும் எப்படி இலை போடறீங்க"ன்னுச்சு. குத்தலா கேட்டிருந்தா திட்டியிருப்பேன் தம்பி. குத்தலே இல்ல. நிஜமாவே, சமையல் எப்படிப் பத்தும்ங்கற மாதிரி கேட்டுச்சு.

அவங்க போயிட்டாங்க. நான் இதை அந்த ஆணியில மாட்டிட்டு, லைட்டைப் போட்டுப் பாத்துட்டு உக்காந்தேன். முப்பது வருஷக் கனவு. நல்லா இருந்தது. நல்லாதான் இருந்தது. அப்புறம் எதுக்கோ பக்கத்து பெல்ட்டைத் திருப்பினேன், உள்நாக்கைப் பாக்க. இங்க வாங்க, நீங்களும் பாருங்க. ஓட்டை எத்தனை ஜோடி இருக்கு? எல்லாம் வட்டமா இருக்கு, இந்த ஒரு ஜோடி மட்டும் இழுத்து நீண்டிருக்கு. பாத்தீங்களா? இதுலதான் அவன் தினம் கட்டியிருக்கான். எனக்கு இது புதுசா தெரிஞ்ச விஷயமா? அம்பது தடவை எழுதியிருப்பேன், "உபயோகத் தேய்மானம் உண்டு"ன்னு. தேய்மானம் இருந்தா ஒரு படி மட்டம், அவ்வளவுதான் கணக்கு. இதோ, இந்த பெல்ட்ல பாருங்க, ரெண்டு ஜோடி நீண்டிருக்கு. முதல்ல இதுல கட்டியிருக்கான், அப்புறம் உள்பக்கமா இதுல. இளைச்சிருக்கான். சோறு கிடைக்கல. இது கடைசி ஜோடி, அதுவும் பத்தாம ஒருத்தன் கத்தியால தானே குத்தியிருக்கான் பாருங்க, கோணலா. சின்னப் பையனாத்தான் இருக்கணும். சங்கவி இடுப்பு அளவுதான் வரும்.

ஒவ்வொண்ணா எல்லாத்தையும் திருப்பிப் பாத்துட்டேன். அறுபது சொச்சம். அந்தப் பொம்பளை ஒரே கேள்வியில என் மொத்தக் கலெக்‌ஷனையும் கெடுத்துட்டுப் போயிட்டா தம்பி! முன்னாடி இங்க உக்காந்தா தோலைப் பாப்பேன், தையலைப் பாப்பேன், நிம்மதியா இருக்கும். இப்ப உக்காந்தா வீடு முழுக்க ஆளுங்க. எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடறேன். என் வீட்ல நான் அடுத்த ரூமுக்குப் போறேன்! அதனாலதான் விக்கறேன். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. சுவரைக் காலி பண்ணிட்டுப் போங்க.

அவங்க பெல்ட்டுக்கும் ஒரு தடவை ஃபோட்டோவை எடுத்து வெச்சுப் பாத்தேன். எல்லா ஓட்டையும் அப்படியே இருக்கு, ஃபோட்டோவுல. ஆனா எது யாரோடதுன்னு தெரியல. மணவாளனோடது எதுன்னு தெரியல. சொன்னாங்க. அன்னிக்கு விரலை வெச்சு வெச்சுச் சொன்னாங்க. நான்தான் டார்ச் அடிச்சுட்டிருந்தேனே.

ஏகாம்பரம் இப்பவும் அந்த கேட்லதான் இருக்காரு. போன வாரம் பென்ஷன் வேலையா போனேன். கேட்டைத் திறந்து விட்டாரு. சல்யூட் அடிக்கல. பொண்ணு எப்படி இருக்குன்னு கேட்டேன். இருக்கு சார்னாரு.

சரி விடுங்க. கையில பிடிச்சிருக்கீங்களே, என்ன தோணுது உங்களுக்கு? பாத்தாச்சு, கதையும் கேட்டாச்சு. முதல்ல என்ன கேக்கணும்னு தோணுது?

என்னது?

இன்னொரு தடவை சொல்லுங்க. முத்திரை எந்தக் கம்பெனி, எந்த வருஷம், ஓட்டை அடைச்சதுனால மதிப்பு குறையுமா. இதான் கேள்வி. கோயம்புத்தூர்லேர்ந்து இதைக் கேக்கறதுக்குப் பஸ் ஏறி வந்திருக்கீங்க.

குடுங்க இப்படி. குடுங்கன்னேன். இது இல்ல. அதுவும் இல்ல, எதுவும் இல்ல. மனசு மாறிடுச்சு. விக்கல. உங்க குரூப்ல போய் எழுதுங்க, அந்தக் கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு. பல் டாக்டர் பொம்மை அனுப்புவாரு. உங்க கோழி பெல்ட் வாசல்ல இருக்கு, மறக்காம எடுத்துக்கங்க, இங்க விட்டுட்டுப் போனா நான் தூக்கிக் குப்பையில போட்டுடுவேன்.

மணி பதினொண்ணே முக்கால். தள்ளுங்க, ஃப்ரிட்ஜ் மேலேர்ந்து இலையை எடுக்கணும்.

இலை யாருக்கா? அறுபது இலைக்கு நான் எங்க போறது? ஆளுக்கு ஒரு இலையெல்லாம் அந்தப் பொம்பளை போடுவா, எனக்கு முடியாது. மொத்தமா ஒரே இலை. பெரிய தலைவாழை இலையா பாத்து வாங்கியிருக்கேன், பங்கு போட்டுத் தின்னட்டும். சமைக்கவெல்லாம் எனக்குத் தெரியாது, மெஸ் பார்சல்தான். அமாவாசைன்னு சொல்லியும் சாம்பார்ல வெங்காயத்தை அள்ளிப் போட்டிருக்கான் முட்டாப்பய. போட்டா என்ன? ஜெர்மன்காரனுக்குத் தெரியவா போகுது?